ஆண்டி ஹவ்ரிலா மகளின் கார்

மில்லி ஹவ்ரிலாவுக்கு ஈரி நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்ற சேதி எங்கள் ஊரில் பரவ ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போதுமானதாக இருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில் கூடத்தில் மீன் வறுத்து விற்போம். வரிசையில் நிற்கிற யாருக்கும் வாய் சும்மா இருக்காது. ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் தலைமைச் சமையல்காரி, மாடியிலேயே தங்க அறை, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும். நாற்பது வயது தாண்டியும் பள்ளிக்கூடச் சமையலறையில் பட்டாணி கிளறிக்கொண்டு, அம்மா போன பிறகு அப்பாவுக்குத் துணையாக அதே வீட்டில் கிடந்தவளுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? எல்லோரும் வாழ்த்தினார்கள். அவள் அப்பா ஆண்டி எல்லோரையும்விடச் சத்தமாக வாழ்த்தினார்.

அடுத்த வாரமே அவள் காரில் எஞ்சின் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை காரைப் பரிசோதித்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த விளக்கு எரிந்தால் ஸ்டிக்கர் கிடையாது. மில்லியின் ஸ்டிக்கர் அந்த மாதத்தோடு காலாவதி. ஈரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் போக வேண்டும், பஸ் என்று நம்பி ஏறும்படி எதுவும் இல்லை, வேறு கார் வாங்க வக்கும் இல்லை. ஆக, அவள் வாழ்க்கை அந்தப் பொட்டு வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டது.

"நீ ஏன் கவலைப்படுறே? அப்பன் எதுக்கு இருக்கேன்?" என்றார் ஆண்டி. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஆயுசு முழுக்க கராஜ் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கார் தூக்கும் லிஃப்ட்டை விற்கவில்லை. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் டாங்க் பிரஷர் சென்சார்னு காட்டுது. டாங்குக்குள்ள ஆவி எவ்வளவு அழுத்துதுன்னு பார்த்துச் சொல்ற குட்டி சாமான். ஆனா இந்த மெஷின் சொல்றதையெல்லாம் நம்பக்கூடாது. முதல்ல மூடியை மாத்துவோம்" என்றார்.

மூடியை மாற்றினார், ஸ்கேனரால் விளக்கை அணைத்தார். சில நாளில் திரும்ப எரிந்தது. ஒரு வால்வை மாற்றினார், எரிந்தது. ரப்பர் குழாயை மாற்றினார், எரிந்தது. இதில் இன்னொரு வம்பு உண்டு. விளக்கை அணைத்தால் காரின் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி தன்னைத் தானே சோதித்து முடிக்க, காரைப் பல நாள் ஓட்ட வேண்டும். அதுவரை பரிசோதனை இயந்திரம் "இன்னும் தயாராகவில்லை" என்றுதான் சொல்லும். தயாராவதற்குள் விளக்கு வந்துவிடும். எரிந்தாலும் ஸ்டிக்கர் இல்லை, அணைத்தாலும் இல்லை. பாலத்தில் நிற்கும் போலீஸ்காரன் பள்ளியில் அவளோடு படித்தவன், காலாவதியான ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தடவைதான் விடுவேன் மில்லி" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

கடைசியில் ஒருநாள் வேலை முடிந்ததும் கடைத்தெருவில் இருக்கும் ராக்கோவின் கராஜுக்குக் காரை விட்டாள். ராக்கோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னம்மா, வழி தவறி வந்துட்டியா?"

"ஒரு சென்சார் பிரச்சினை, ராக்கோ. பார்த்துச் சொல்லு, போதும்."

"உங்கப்பன் காரை நான் தொடுறதா? நல்லா இருக்கே கதை."

"இது என் கார்."

"உன் கார்தான், யாரு இல்லேன்னா? ஆனா ஊருக்கு இது ஆண்டி பொண்ணு கார். நான் பானெட்டைத் திறந்தேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வெள்ளிக்கிழமை என் மூஞ்சிலேயே முழிக்க மாட்டாரு. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரும்மா. வீட்டுக்குப் போ, அவரே பார்ப்பாரு."

இது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். ஒரு மெக்கானிக் வீட்டுக் காரை இன்னொரு மெக்கானிக் தொட மாட்டான். தொட்டால் முதலாமவனுக்குத் தொழில் தெரியாது என்று ஊரறியச் சொன்ன மாதிரி. டாக்டர் வீட்டுக்காரர்கள்கூட வேறு டாக்டரிடம் போவார்கள், மெக்கானிக் மகளுக்கு அந்த வழியும் கிடையாது. மில்லி இன்னும் இரண்டு இடத்தில் கேட்டாள். இரண்டிலும் அதே சிரிப்பு, அதே பதில். அப்பாவின் நல்ல பெயர் ஊர் முழுக்க அவளைச் சுற்றி வேலி போட்டிருந்தது.

பிறகு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனாள். அங்கே மேவிஸ் என்ற பெண் ஒருத்தி தனியாக கராஜ் வைத்திருந்தாள். தடித்த உடம்பு, கட்டைக் குரல், யாருக்கும் பயப்படாதவள். மேவிஸ் ஸ்கேனரை மாட்டிவிட்டு, "பெட்ரோல் மூடியைத் திற" என்றாள்.

மில்லி திறந்தாள்.

"இப்போ டாங்க் வாயைப் பிளந்துட்டு கிடக்கு. உள்ளேயும் வெளியேயும் ஒரே காத்து. அப்போ சென்சார் என்ன காட்டணும்? ஜீரோ. இது என்ன காட்டுது பாரு. யாரோ ஸ்ட்ரா போட்டு டாங்கை உறிஞ்சுற மாதிரி காட்டுது." ஒயரையும் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒயர் சுத்தம். சென்சார் செத்துப்போச்சு. அவ்வளவுதான் விஷயம்."

"இவ்வளவு சுலபமா? எங்கப்பா வாரக்கணக்கா பார்க்கிறாரே."

"எல்லாரும் முதல்ல பார்க்கிறதே இதைத்தாம்மா. உங்கப்பா யாரு?"

"ஆண்டி ஹவ்ரிலா."

மேவிஸ் காரை லிஃப்ட்டில் ஏற்றி, அடியில் போய் டாங்கைத் தாங்கும் பட்டையின் போல்ட்டைத் திருகினாள். அது சட்டென்று கழன்றது. "இது சரியில்லையே" என்று முணுமுணுத்தாள். "எத்தனையோ குளிர்காலத்து ரோட்டு உப்புல ஊறின போல்ட்டு. நியாயமா இது உடையணும். இதை இப்பதான் யாரோ கழட்டி, கிரீஸ் தடவி மாட்டியிருக்காங்க. நல்ல கைம்மா, யாரா இருந்தாலும்."

டாங்கை இறக்கி, மேலே இருந்த சென்சாரைப் பிடுங்கி மில்லியின் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்புப் பிளாஸ்டிக். அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி.

மில்லிக்கு அந்தக் குறி தெரியும். அப்பாவின் கொட்டகையில் செத்த சாமானுக்கெல்லாம் அந்தக் குறி போடுவார். மறந்துபோய் யார் காரிலும் மாட்டிவிடக்கூடாது என்பதற்காக. குறி போட்ட சாமானைத் தொட்டால் யாராக இருந்தாலும் கத்துவார். அதையே எடுத்து மகள் காரில் மாட்டியிருக்கிறார். துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்துத் துடைத்திருந்தால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. குறியை அழிக்க மட்டும் அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை.

"புதுசு மாட்டட்டுமா?" என்றாள் மேவிஸ்.

புதுச் சென்சார் மாட்டியானது. இனி கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வந்து ஸ்டிக்கர் வாங்க வேண்டும். அந்த நாட்கள்தான் கொடுமை. ராத்திரிச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து முட்டைக்கோஸும் நூடுல்ஸும் முள்கரண்டியால் கிளறிக்கொண்டே ஆண்டி கேட்பார்: "விளக்கு எரியுதா?"

"இல்லப்பா."

"எரியும் பாரு" என்பார், ஆறுதல் சொல்கிற குரலில்.

அவளுக்குத் தட்டைத் தூக்கி அடிக்க வேண்டும் போல் இருக்கும். ஆனால் ஸ்டிக்கர் கையில் வராமல் வாயைத் திறக்க அவளுக்குப் பயம். இன்னொரு சாமானை இவர் கழற்றிவிட்டால்? சாவியைத் தலையணைக்குள் வைத்துத் தூங்கினாள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஈஸ்டர் சாப்பாட்டுக் கூடையைப் பாதிரியாரிடம் மந்திரித்து வாங்கக் கோயிலுக்கு அப்பாவைக் காரில் கூட்டிப் போனாள். முன்சீட்டில் ஏறியதும் ஆண்டி கண்ணாடியில் இருந்த புது ஸ்டிக்கரைப் பார்த்தார். மடியில் ஹாமும் முட்டையும் வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டிப் பொம்மையும் இருந்த கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கூடையைச் சமையலறை மேசையில் வைத்த பிறகுதான் கேட்டார்.

"யாரு பார்த்தது?"

"அக்கரை மேவிஸ்."

"நல்ல வேலைக்காரி."

மில்லி பையிலிருந்து அந்தச் சென்சாரை எடுத்துக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆண்டி அதைப் பார்த்தார். எழுந்து போய், கரண்டிகள் வைக்கும் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். உள்ளே அவள் காரின் பழைய சென்சார், துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"உன்னோடதை நான் தூக்கிப் போடலை. திரும்ப மாட்டிடலாம்னுதான் வச்சிருந்தேன்."

"எப்போ? அந்த வேலைக்கு வேற ஆளை எடுத்த பிறகா?"

"பயமா இருந்துச்சு மில்லி. நீ போயிட்டா இந்த வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. காலையில எந்திரிச்சு யாருக்குக் காபி போடுவேன்?"

"இருன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அப்பா. வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ இருந்திருப்பே" என்றார் ஆண்டி. "அப்படிக் கேட்கிறது தப்பில்லையா?"

மில்லிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் கிழவரை என்ன செய்வது? ஒரு நிமிஷம் அவர் தலையைத் தடவி, திங்கட்கிழமை காலை வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லக்கூட நினைத்தாள். அப்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது.

"அப்பா, சின்ன வயசுல கொலம்பஸ் காலேஜுக்கு நான் கிளம்ப இருந்தப்ப கிளட்ச் போச்சே."

"கிளட்ச் நிஜமாவே போச்சு" என்று பதறினார் ஆண்டி. "உங்கம்மா மேல சத்தியம்."

"கிளீவ்லாண்டு பேக்கரிக்காரங்க வரச்சொன்ன அன்னிக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகலையே? அது?"

ஆண்டி கூடையின் மேல் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"எங்கூடப் பழகிட்டிருந்த வால்டர் என்னை அவங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தானே, அவங்கம்மாவைப் பார்க்க. பாதி வழியில ஃபேன் பெல்ட் அறுந்துச்சு. அதுக்கப்புறம் அவன் கூப்பிடவே இல்லை. அது?"

வெண்ணெய் ஆட்டுக்குட்டி உருகத் தொடங்கியிருந்தது. ஆண்டி அதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தபடியே நின்றார். அம்மா மேல் இன்னொரு சத்தியத்துக்காக மில்லி காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

அன்று மாலையே பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆண்டி வாசலில் வந்து நின்று, "எண்ணெய் பார்த்தியா? டயர்ல காத்து பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றாள்.

மஞ்சள் விளக்கு எரியவில்லை. கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் பள்ளத்தில் சக்கரம் இறங்கி லேசாகச் சத்தம் வந்தால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரி போய்ச் சேருவதற்குள் பலமுறை காரை ஓரம் கட்டினாள். லாரிகள் விர்ரென்று கடந்துபோகிற அந்தச் சாலையோரத்தில், குளிர்ந்த சரளைக் கல்லில் முழங்கால் போட்டு, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினாள்.