என்ன வாங்கிட்டு வந்தே?

சனி ஞாயிறு ஏதாவது தீவுக்குப் போய்த் திரும்பினால், அடுத்த வாரம் மாதா கோயிலில் பூசை முடிந்து தேநீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தி கட்டாயம் கேட்பாள். "என்ன வாங்கிட்டு வந்தே?" நான் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவேன். பாத்தாம் என்றால் அடுக்கு கேக், லங்காவி என்றால் சாக்லேட், பிந்தான் என்றால் மீன் அப்பளம். வாங்கி வந்த இன்னொன்று என் நீளக் கைச் சட்டைக்குள் நீலமாக இருக்கும். அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

என் கணவர் வீட்டில் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. சிங்கப்பூரில், செங்காங்கில் பன்னிரண்டாவது மாடியில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் அலறினால் கேட்காதா? அவருக்கு அது நன்றாகத் தெரியும். கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர். அந்தக் குரலுக்கென்றே முன் வரிசையில் வந்து உட்காரும் அம்மாக்கள் உண்டு. அதனால் கோபம் வந்தால் சட்டையை மடிப்பது போல மடித்து வைத்துக்கொள்வார். இரண்டு வாரம், மூன்று வாரம்கூட வைத்திருப்பார். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொல்வார், "ஒரு பிரேக் எடுப்போம் லா."

எந்தத் தீவு என்று மட்டும் நான் கேட்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சுற்றுலா அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. தீவுகளை விற்பது என் தொழில். ஆகவே நான் அடி வாங்கப்போகும் அறையை நானே தேடி, கடலைப் பார்த்த ஜன்னல் உண்டா என்று நானே விசாரித்து, நானே பதிவு செய்வேன். அலுவலகத்தில் என்னைக் கண்டால் பொறாமை. "கொடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்பார்கள்.

தியோமான் தீவில்தான் ஆரம்பம், கல்யாணமாகி முதல் வருடம். அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு, படகுத்துறையில் நின்றால் அடியில் நீந்தும் மீனின் வரிகளை எண்ணலாம். பலகை வீடு, பின்னால் பாறை, விடாமல் அலைச் சத்தம். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போனது. என் மணிக்கட்டைப் பின்னால் முறுக்கிக்கொண்டே போனார், பச்சை மிளகாய் ஒடிவது போல ஒரு சத்தம் கேட்கும்வரை. பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று மருத்துவரிடம் நானே சொன்னேன். லங்காவியில் கேபிள் காரில் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கி, வாடகைக் காரை வயலோரம் நிறுத்தி, கூந்தலைப் பிடித்து நெற்றியை முன்பலகையில் மூன்று முறை மோதினார். வயலில் ஒரு எருமை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. என் கடைவாய்ப் பல் ஒன்று பிந்தானில், ஏதோ ஒரு குளியலறையின் சாக்கடைக்குள் இருக்கிறது. புலாவ் உபினுக்குப் பத்து நிமிடப் படகுதான், இருந்தாலும் அங்கேயும் சைக்கிள் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடங்கள் உண்டு.

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். டாக்சிக்காரர் சுற்றுவழியில் போனால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். இவர் முன்னால் மட்டும் அந்த வாய் எங்கே போனது என்று கேட்காதீர்கள். பயந்தேன், அவ்வளவுதான். பயந்ததற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, அந்த ஆத்திரத்தை அலுவலகத்தில் வருகிறவர்கள் மேல் காட்டினேன். புதுமணத் தம்பதி வந்து "ஆளே இல்லாத இடமா பாத்துக் குடுங்கக்கா" என்றால், அந்தப் பையனின் கைகளைத்தான் முதலில் பார்ப்பேன். "பக்கத்து ரூமுல ஆள் இருக்கற இடமா தரேன், அதான் நல்லது" என்பேன். முதலாளி பலமுறை கத்தியிருக்கிறார்.

கடைசியாகப் போனது பாத்தாமுக்கு. சனிக்கிழமை மத்தியானம் கடலோர உணவகத்தில் நண்டு கொண்டுவந்தவன் ஏதோ சொன்னான், நான் சிரித்துவிட்டேன். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும் முகத்தில் அறைந்தார். மறைக்க முடியாதபடி முகத்தில் அடித்தது அதுதான் முதல் தடவை. மோதிரம் கண்ணுக்குக் கீழே கிழித்தது. விழுந்தவளை விலாவில் உதைத்தார். நான் கட்டிலுக்கடியில் நகர்ந்தேன், காலைப் பிடித்து வெளியே இழுத்து மறுபடி உதைத்தார். எல்லாம் முடிந்தபின் துண்டை நனைத்துக் கொண்டுவந்து என் கன்னத்தைத் துடைத்தபடி, வாசகம் வாசிக்கும் அதே குரலில் சொன்னார்:

"டிசம்பர்ல ஏழு நாள் லீவு போடு. ஃபோன் சிக்னல்கூட இல்லாத தீவா ஒண்ணு பாரு. நீயே புக் பண்ணிடு."

இரண்டு நாள் என்றால் தாங்கிவிடுவேன், பழகியிருந்தது. ஏழு நாளில் நான் உயிரோடு திரும்பமாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, பல் வலிப்பது தெரிவது போல.

மறுநாள் படகுத்துறையில் வழக்கம் போல என்னை வரிசையில் நிற்கவைத்துவிட்டு அவர் கேக் வாங்கப் போனார். பாஸ்போர்ட்டுகள் எப்போதும் அவர் இடுப்புப் பையில்தான் இருக்கும். வரிசையில் நிற்கும் அந்தக் கால் மணி நேரம் மட்டும் இரண்டும் என் கைக்கு வரும். கவுண்ட்டரில் என் வயதுப் பெண் ஒருத்தி, தலையில் பழுப்பு முக்காடு. இரண்டு சீட்டுகளை நீட்டினாள். எனக்கு மூன்று மணிப் படகு, அவருக்கு நான்கு மணி. மூன்று மணிப் படகில் ஒரே ஒரு இடம்தான் மிச்சமாம்.

நீதான் வேண்டுமென்றே பிரித்து எடுத்தாய் என்பார், அதற்கும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். என் கணவருடைய படகு எத்தனை மணிக்கு, அதிலேயே என்னையும் போடு என்று கேட்க வேண்டும். என் மலாய் தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக் கற்ற மலாய். 'பெராப்பா', அதாவது 'எத்தனை', மட்டும் சரளமாக வரும். மற்றதை ஒட்டுப்போட்டுக் கேட்டேன்.

"சுவாமி சாயா, புக்குல் பெராப்பா?"

மலாயில் கணவனுக்குச் 'சுவாமி' என்றுதான் பெயர். நம் சுவாமியேதான், கொடுமை. 'புக்குல்' என்றால் மணி. 'புக்குல்' என்றால் அடி என்றும் பொருள். பாத்தாமில் மணி கேட்க 'ஜாம்' என்பார்கள் என்பது அலுவலகத்தில் பத்து வருடம் குப்பை கொட்டிய எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது. 'என் கணவர் எத்தனை மணிக்கு' என்று கேட்டதாக நான் நினைத்தேன். அவள் காதில் விழுந்தது 'என் கணவர் அடிக்கிறார், எத்தனை.'

அவள் நிமிர்ந்து என் கன்னத்தின் பிளாஸ்திரியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பெராப்பா காலி?"

எத்தனை தடவை?

இல்லையம்மா, நான் மணியைக் கேட்டேன் என்று திருத்த வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள், அதுவும் என் அரைகுறை மலாயால். நான் கவுண்ட்டரின் மேல் பத்து விரல்களையும் விரித்தேன். மடக்கினேன். மறுபடி விரித்தேன்.

அவர் எங்கே என்று கேட்டாள். கேக் கடையைக் காட்டினேன். என் பாஸ்போர்ட்டையும் மூன்று மணிச் சீட்டையும் என் கையில் திணித்தாள். அவருடைய இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், வந்தால் தானே கொடுப்பதாகச் சைகை காட்டினாள். "பெர்கி" என்றாள். போ.

முத்திரை குத்திக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போனபோது அவர் வந்துவிட்டார். முதலில் கவுண்ட்டர் பெண்ணிடம் சிரித்துப் பேசினார். பிறகு என்னைப் பார்த்தார். கேக் பெட்டியைத் தரையில் அடித்தார். கண்ணாடியில் முஷ்டியால் குத்தினார், ஒன்று, இரண்டு, மூன்று, கண்ணாடி அதிர்ந்தது. அவரைத் தடுக்க அந்தப் பெண் எழுந்து வந்தாள். அவளை ஒரே தள்ளாகத் தள்ளினார். மேசை முனையில் அவள் தலை இடித்தது, பழுப்பு முக்காட்டில் கறுப்பாக ஈரம் பரவியது. காவலாளிகள் மூன்று பேர் பாய்ந்து அவரைத் தரையில் அமுக்கினார்கள். பத்து பேர் பார்க்க அவர் கை ஓங்கியது அன்றுதான்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. படகில் ஏறினேன். இதை எந்த நியாயத்தாலும் கழுவ முடியவில்லை, இன்றுவரை அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கடல் அன்று மூர்க்கமாக இருந்தது. மழை ஜன்னலை அறைந்தது, முன்னால் இருந்தவர்கள் பிளாஸ்டிக் பைக்குள் வாந்தியெடுத்தார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், பாதி வழியில் முதல் தடவையாக அவரை மனதுக்குள் 'அவன்' என்று சொல்லிப் பார்த்தேன். அவன். அவன் என்னை அடித்தான். சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது.

கரையிறங்கி நேரே போலீசுக்குப் போனேன். எந்தெந்தத் தேதி, ஞாபகம் இருக்கிறதா என்றார்கள். பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்தேன். தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருந்த பழையதையும் வரவழைத்தேன். எந்த முத்திரைக்கு எந்த இடத்தில் அடி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன், அந்த அதிகாரி எழுதிக்கொண்டே போனார். அவன் இரண்டு நாள் கழித்து ஊர் வந்து சேர்ந்தபோது நான் பிடோக்கில் தங்கை வீட்டில் இருந்தேன், நீதிமன்றம் அவன் என்னை நெருங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தது.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன், குட்டைக் கைச் சட்டையோடு. வாசகம் வேறு யாரோ வாசித்தார்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில், முன் வரிசை அம்மாக்களில் ஒருவர் கப்பும் கையுமாக வந்தார்.

"பாத்தாம் போனியாமே, கொடுத்து வச்சவ. என்ன வாங்கிட்டு வந்தே?"

"அடி" என்றேன். "இந்தத் தடவ கோர்ட்டு ஆர்டரும் வாங்கிட்டு வந்திருக்கேன்."

அவர் என் கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், பிறகு சுற்றும்முற்றும் பார்த்தார்.

"மெதுவா பேசுமா. ஃபாதர் காதுல விழப் போவுது."

"விழட்டும்" என்று சொல்லிவிட்டு, தியோமானிலிருந்து சத்தமாக ஆரம்பித்தேன்.