காக்கிக் கோட்டு எலிசபெத்

கோட்டின் கடைசிப் பொத்தான் இன்றைக்கும் அவிழ்ந்துவிட்டது. எலிசபெத் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதைப் பூட்டினாள். குழாயடியிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது இன்னும் இரண்டு தரம் அவிழும், அவளும் இரண்டு தரம் நின்று பூட்டுவாள். புடவைக்கு மேலே பட்டாளத்துக் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு திரிகிற பெண்பிள்ளையைச் செகந்திராபாத் முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தியைப் பார்க்க முடியாது. மே மாத வெயிலில் எங்கள் லாலாகுடாப் பேட்டை நாய்களெல்லாம் சாக்கடையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போதும் அந்தக் கோட்டு அவள் மேலேதான் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காஜா எடுப்பதுதான் அவளுக்குத் தொழில். பொத்தான் துளையைச் சுற்றி நெருக்கமாக நூல் கட்டுகிற வேலை. யுத்தம் வந்ததிலிருந்து காண்டிராக்டர் பட்டாளத்துக் கோட்டுகளை மூட்டை மூட்டையாகக் கொடுக்கிறார். அவள் மெழுகு தடவிய நூலால் கட்டிய துளையில் பொத்தான் ஏறினால் ஏறினதுதான். "சோல்ஜரு செத்தாலும் சாவான், என் காஜா சாவாது, ஹவ், ஆமா!" என்பாள். அப்படிப்பட்டவளுடைய சொந்தக் கோட்டில் கீழ்க்காஜா மட்டும் கோணலும் மாணலுமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வைத்தியர் வீட்டில்தான் ஓயாத இருமல் என்று தெருவில் கேலி செய்வார்கள். கோயிலில் சாமியார்கூட ஒரு முறை கேட்டுவிட்டார். "யேசுவுக்குத் தெரியும் சாமி, நீங்க பூசையப் பாருங்கோ" என்று அவரையும் அனுப்பிவைத்தாள்.

ஆளைச் சொல்ல வேண்டுமே. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், தகப்பன் காலத்தில் பட்டாளத்தோடு வந்தது. புருஷன் பேண்டு வாத்தியக் கோஷ்டியில் கிளாரினெட் வாசித்தவன், செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. வயது நாற்பத்தைந்து இருக்கும், குரல் மட்டும் அடுத்த ஸ்டேஷன் வரை கேட்கும். நான் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா என்பதால் எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பார்சல் தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயரை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அத்த உன் சம்பள ரிஜிஸ்டர்ல வெச்சுக்கோ" என்றாள்.

கோட்டின் கதையைச் சொல்லக் கமலத்தைச் சொல்ல வேண்டும். கமலம் எலிசபெத்துக்குச் சொந்தமும் இல்லை, ஒரே சாதியும் இல்லை, ஒரே வேதமும் இல்லை. அடுத்த அறைக்காரி, அவ்வளவுதான். அவள் புருஷன் தியாகு இன்ஜின் ஃபயர்மேன், விஷக்காய்ச்சலில் போய்விட்டான். கமலம் இருபத்தைந்து வயதில், நாலு வயது மகள் செல்லம்மாவை வைத்துக்கொண்டு, எலிசபெத்திடம் காஜா கற்றுக்கொண்டு பிழைத்தாள். மார்பில் கட்டி வந்ததைக் கூச்சத்தினால் எட்டு மாதம் மறைத்திருக்கிறாள் பைத்தியக்காரி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புற்று, முற்றிவிட்டது, மெட்ராஸுக்குக் கொண்டுபோனாலும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு ஊசி போட எலிசபெத் வீட்டுக் கிளாரினெட் விலையாயிற்று.

சேதி கேட்டுத் தியாகுவின் அக்கா கனகவல்லி காஜிப்பேட்டையிலிருந்து வந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தனக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தும் ஆறாவதற்குச் சோறு போட வந்தவள்.

"கொழந்தைய எங்கூட அனுப்பிடு கமலம். ஒனக்கே கஞ்சிக்கு வழியில்ல, அதையும் ஏன் பட்டினி போடற?"

"என் கை ஓடற வரைக்கும் எம் புள்ள எங்கிட்ட இருக்கட்டும் அண்ணி. கை நின்னுட்டா நீங்களே கூட்டிட்டுப் போங்க."

கனகவல்லி சரியென்றாள். மாதம் ஒரு முறை வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். கமலம் எத்தனை நாள் இருப்பாள் என்பது ஆண்டவன் பாடு, அத்தனை நாளும் அவள் கை ஓடுவது தன் பாடு என்று எலிசபெத் அன்றைக்கே எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து, கமலத்தின் தலையணையில் வரிசையாகக் குத்திவைப்பாள். துளையைத் தானே வெட்டி, கட்டுகிற வேலையை மட்டும் அவளிடம் கொடுப்பாள். சனிக்கிழமை கூலியை நேரே செல்லம்மா கையில் வைத்து, "உங்கம்மா சம்பளம்டீ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். கனகவல்லி வரும்போதெல்லாம் பாயைச் சுற்றிக் கோட்டுகள் அடுக்கியிருக்கும், அவளும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

நான் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவன். ஒரு நாள் கருக்கலில் எலிசபெத் தன் வாசற்படியில் உட்கார்ந்து, பிளேடால் காஜாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் வெட்டிய நூல் குப்பையாகக் கிடந்தது. கமலத்தின் வலது கை அதற்குள் தோளிலிருந்து விரல் வரை வீங்கிவிட்டது, அவள் கட்டியது ஒன்றும் தேறவில்லை. பிரித்து மறுபடி கட்டி, கமலத்தின் வேலை என்று கணக்குக் கொடுத்துவந்தாள் இவள்.

"இதென்னம்மா, ஒரே கூலிக்கு ரெண்டு வேலை?" என்றேன்.

"ஒன் வாய வெச்சுக்கினு சும்மா கிட பார்சலு. அவ காதுல விழுந்துச்சோ, ஒன்ன மூட்டை கட்டி அனுப்பிடுவேன்."

நானும் சும்மா இருந்தேன். என்னால் ஆனது ஒன்றே ஒன்று. பெஜவாடாவிலிருந்து மீன் கூடைகள் ஐஸில் வரும். அதில் ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றிக் கமலத்தின் கைக்கு ஒத்தடம் கொடுக்க எடுத்துவருவேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு வஞ்சிரமா எறாலா அண்ணே?" என்பாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிக்கத் தெரிந்தது.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் ஐஸோடு போனேன். காலையிலிருந்து ஒரே ஒரு காஜாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் கமலம். கோட்டின் அடிக்காஜா. கட்டி முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஷோக்கா கீது கண்ணு" என்று எலிசபெத் கோட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினாள். கமலம் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இத மட்டும் பிரிக்காத."

என் கையில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. எலிசபெத் பாயோரம் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"மொத வாரத்துலருந்தே. என் தையல் எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏண்டி சொல்லல?"

"சொன்னா செல்லம்மா போயிடுவாளே."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "நான் கட்டினது ஒண்ணாச்சும் இருக்கட்டும்க்கா. எந்த சோல்ஜராவது போட்டுக்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம் கமலம் போய்விட்டாள். அந்தக் கோட்டை எலிசபெத் மூட்டைக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுபோனாள். தையலைச் சோதிக்கிற காண்டிராக்டரின் செக்கருக்குக் கழுகுக் கண், உருவி எடுத்துவிட்டான். பிரித்துக் கட்டிக்கொடு, அஞ்சு நிமிஷ வேலை என்று அவன் நல்லபடியாகத்தான் சொன்னானாம். "நக்கோ, மாட்டேன்" என்றிருக்கிறாள். அரை மாதக் கூலியைக் கோட்டு விலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தாள்.

பதினாறாம் நாள் கனகவல்லி வந்தாள். "கை நின்னுடுச்சே எலிசபெத்தம்மா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவ கை நின்னுடுச்சு. எங் கை ஓடுது பாரு" என்று எலிசபெத் ஊசியை எடுத்தாள். கனகவல்லி வெகுநேரம் அழுதாள். கொண்டுவந்த வாழைப்பழத்தைச் செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனியாகவே ரயிலேறினாள்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எலிசபெத் இன்னும் காலையில் பத்து ஊசி கோத்துத்தான் வேலைக்கு உட்காருகிறாள். "பளக்கமாயிடுச்சு" என்கிறாள். ஒரு நாள் மட்டும், "கோத்த ஊசி தீந்துடுச்சு அக்கான்னு கமலம் கூப்புடுவா பாரு தம்பி, அந்தக் கொரலுக்குத்தான் மனசு ஏங்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான். மீன் கூடையைப் பார்த்தால் கை தானாக ஐஸுக்குப் போகிறது, அப்புறம்தான் நினைவு வருகிறது.

நேற்றுச் சாயங்காலம் தலையில் கோட்டு மூட்டையோடு அவள் காண்டிராக்டர் கடைக்குப் புறப்பட்டாள். பக்கத்தில் செல்லம்மா. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபின் அந்தக் குட்டி நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்கிறது. ரோட்டில் பட்டாளத்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எலிசபெத்தின் ஒரு கை மூட்டையைப் பிடித்திருந்தது. அதிசயமாக நேற்று அந்தப் பொத்தான் அவிழாமல் பூட்டியபடியே இருந்தது. எலிசபெத் மற்றக் கையால் தானே அதை அவிழ்த்துவிட்டாள். செல்லம்மா வழக்கம்போல அந்தக் காஜாவுக்குள் சுட்டுவிரலை நுழைத்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ரோட்டைத் தாண்டினார்கள்.