இருபத்து நான்காவது பட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் நடந்தவை, வரிசைப்படி:

1. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
2. நான் லேப்டாப்பில் கொல்லுப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன்.
3. ஒற்றைக்கண் காவலர் இறந்துபோனார்.
4. அவர் மனைவி என் கடைக்கு வந்தார்.
5. அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.
6. நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பட்டியல் போடாமல் எனக்கு எழுத வராது என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த முறை பட்டியல் போட்டும் மனது அடங்கவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அது ஒரு வீடியோ கேம். அந்தக் காலத்து ஐரோப்பிய கிராமம், அதில் நீங்கள்தான் கொல்லர். காலையில் கடையைத் திறந்தால் ஆட்கள் வருவார்கள். ஒருவருக்கு லாடம், ஒருவருக்கு அரிவாள், இன்னொருவருக்கு வாள். இரும்பைக் காய்ச்ச வேண்டும், அடிக்க வேண்டும், எண்ணெயில் முக்க வேண்டும், விற்க வேண்டும். சாயங்காலம் வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போடுவார்கள். அவ்வளவுதான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன்? நாமக்கல் பைபாஸில், லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் பட்டறையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். படித்தது உலோகவியல். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஏன் இரும்பு?

அம்மாவும் இதையேதான் கேட்டார். "வாரம் பூரா இரும்போட கெடக்கற. லீவு நாள்லயும் இரும்பா சாமி? வேற வெளையாட்டே கெடைக்கலியா உனக்கு?"

கேட்டவர் மூன்றாவது வாரத்திலிருந்து பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்துவிட்டார். சீரியல் மாதிரி. ஆங்கிலம் தெரியாது, கதை தெரியும். யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவராகவே முடிவு செய்துகொள்வார். எல்லோரையும்விட அவருக்குப் பிடித்தவர் கோட்டைக் காவலர். ஒரு கண்ணில் துணி கட்டியிருப்பார். தினமும் வந்து, எதுவும் வாங்காவிட்டாலும், "இன்றைக்கு இரும்பு எப்படி, கொல்லரே?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

"ஒத்தக்கண்ணு வந்தாச்சா?" என்பார் அம்மா சமையலறையிலிருந்து. "நல்ல மனுசன். கடைக்கு வந்தா நாலு வார்த்தை பேசிட்டுப் போறான் பாரு."

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலாகப் பேச அனுமதியுங்கள். பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கினால் அது மிகவும் கடினமாகிவிடும். ஆனால் கண்ணாடி மாதிரி... பட்டென்று உடையும். அதை மறுபடி மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் வளைந்து கொடுக்கும். இதற்குப் பெயர் டெம்பரிங். கல்லூரியில் இரண்டாம் வருஷம் முதல் பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கேமிலும் டெம்பரிங் உண்டு. இருப்பதிலேயே அலுப்பான கட்டம் அதுதான். அடுப்பின் மேல் வாளை வைத்துவிட்டு ஒரு நீலக் கோடு மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பட்டன் — ஸ்கிப்.

நான் அழுத்தினேன். வாள் அதே மாதிரிதான் பளபளத்தது. வாடிக்கையாளர் அதே ஐந்து நட்சத்திரம்தான் போட்டார். அப்புறம் என்ன? தினமும் அழுத்தினேன்.

"அதென்ன சாமி, அதை மட்டும் அமுக்கி அமுக்கி உடற?"

"அது போரடிக்கும்மா. விட்டாலும் ஒண்ணும் ஆகாது."

உலோகவியல் படித்த வாய், அப்படிச் சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தேன். காவலர் வரவில்லை. கிராமத்துப் பலகையில் ஓர் ஓலை தொங்கியது. வடக்குப் பாலத்தில் கொள்ளையரோடு நடந்த சண்டையில் காவலர் இறந்தார். வாள் இரண்டாக உடைந்தது.

அடுத்த வாடிக்கையாளர் ஒரு பெண். காவலரின் மனைவி. பாதி வாளை மேஜைமேல் வைத்து, "இதை உருக்கி ஒரு மண்வெட்டி செய்து தருவீர்களா?" என்று கேட்டார். கோபமே இல்லை. என்னைச் சந்தேகிக்கக்கூட இல்லை. மவுஸை அந்த உடைந்த துண்டின் மேல் வைத்தேன். சின்ன எழுத்தில் வந்தது: செய்தவர் — நீங்கள். டெம்பரிங் — இல்லை.

கீழே மூன்று பதில்கள். செய்து தருகிறேன். முடியாது. இன்று கடை இல்லை.

எதையும் அழுத்த முடியவில்லை. அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்:

"நீ அந்தப் பட்டனை அமுக்குனது அந்த மனுசனுக்குத் தெரியாதுல்ல சாமி?"

அப்போதுதான் எனக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. நிஜமான புதன்கிழமை.

லாரிக்கு அடியில், சக்கரத்துக்கு மேலே, அடுக்கடுக்காக வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்குமே... பார்த்திருப்பீர்கள். அந்த அடுக்கில் முதலாவது, மெயின் பட்டை. அது ஓட்டத்தில் உடைந்தால் சக்கரம் தன் இடத்தை விட்டு நகரும். லாரி டிரைவர் பேச்சைக் கேட்காது.

புதன்கிழமை இருபத்து நான்கு மெயின் பட்டைகள் டெம்பரிங் முடிந்து வந்தன. அதில் ஐந்தை எடுத்து, மேல்தோலைத் தேய்த்து, மெஷினில் வைத்து, கடினம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். நானூறை ஒட்டி வர வேண்டும்; ரொம்ப மேலே போனால் டெம்பரிங் போதவில்லை, பட்டை உடையும் என்று அர்த்தம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். முதலாளி வந்து, "ஆச்சுங்களா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டார். அதட்டலே இல்லை, மரியாதையாகத்தான்.

இரண்டை அளந்தேன். 402, 405. கச்சிதம்.

மற்ற மூன்று? 399, 403, 401 என்று எழுதினேன். அளந்தது இரண்டு, எழுதியது ஐந்து. இருபத்து நான்கின் மேலும் மஞ்சள் சீல். கீழே என் கையெழுத்து.

அதிர்ச்சி எது தெரியுமா? பொய் எழுதியது மட்டுமல்ல. புதன் மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், உங்களுக்குப் போன வாரப் பத்தியும் எழுதினேன் — சுத்தமான மனசோடு!

திங்கள் காலை எட்டு மணிக்குப் பட்டறை. அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அந்தோணி அண்ணன், சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எட்டுப் பட்டைகள் விற்றுப்போயிருந்தன. மிச்சம் பதினாறு. "எல்லாத்தையும் அளக்கணும்ண்ணா" என்றேன். ஏன் என்று கேட்காமல் தூக்கிக் கொடுத்தார்.

பதிமூன்று சரி. மூன்று சரியில்லை. 512. 520. 507.

மெஷின் தப்போ என்று மறுபடி அளந்தேன். மெஷின் சரிதான்.

அந்தோணி அண்ணன் அந்த மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அடுப்புக் கதவோரம் அடுக்குனது மேடம். ஒரு வாரமாவே கதவு ஒட்டி மூடலை. அந்தப் பக்கம் சூடு பத்தாது."

"ஏண்ணா, புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க சீல் போட்டுக்கிட்டு இருந்தீங்க. சரி, அளந்து பார்த்திருப்பாங்க, நமக்குத்தான் வீண் பயம்னு போயிட்டேன்."

அவர் என்னை நம்பினார். கதவில் கோளாறு என்றால் அண்ணன் சொல்லியிருப்பார் என்று நான் அவரை நம்பினேன். எங்கள் இருவரையும் முதலாளி நம்பினார். இத்தனை நம்பிக்கைக்கு நடுவில் அந்தப் பட்டையை யாருமே பார்க்கவில்லை! நான் அளந்த இரண்டும் அடுக்கின் நடுவிலிருந்து, கைக்கு எட்டியபடி எடுத்தவை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். எழுதி வைத்திருந்த தாளையும் காட்டினேன். கத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்களுமுங்களா மேடம்?"

அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருக்கலாம்.

பிறகு அவரே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். திங்கள் சாயங்காலத்துக்குள் ஐந்து பட்டைகள் வந்து சேர்ந்தன. அளந்தோம். ஐந்தும் சரி. இன்னும் இரண்டு ஒரே லாரியில் இருந்தன. சேந்தமங்கலத்து நல்லதம்பி என்பவருடைய லாரி. சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறார். அவர் போன் கிடைக்கவில்லை. வீட்டு நம்பரில் ஒரு பெரியம்மா எடுத்து, "அவன் மலைக்கு லோடு ஏத்தப் போயிருக்கறானுங்க, நாளைக்குத்தான் எறங்குவான்" என்றார்.

கொல்லிமலை. அத்தனை வளைவு. லோடு வேறு.

செவ்வாய் காலை, புதுப் பட்டை இரண்டை பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு நானும் அந்தோணி அண்ணனும் மலை அடிவாரத்தில் போய் நின்றோம். மேலே இருந்து எந்த லாரி வந்தாலும் எனக்கு அதன் சக்கரம்தான் தெரிந்தது. அண்ணன் ஜெபமாலையை எடுத்துவிட்டார். எனக்கு அந்த வசதியும் இல்லை. நீலக் கோடு மெல்ல நிரம்புவதைப் பார்க்கப் பொறுமையில்லாதவள், மூன்று மணி நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றரைக்கு வந்தார், மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு. கையைக் காட்டி நிறுத்தினோம். கேபினில் அவர் மனைவி, மடியில் ஒரு பலாப்பழம்.

"அட, பட்டறை அம்மிணி! என்னுங்க இந்தப் பக்கம்? கோயிலுக்கு வந்தீங்களா?"

சொன்னேன். எதையும் மறைக்காமல். அளக்காமல் எழுதியதையும் சேர்த்து.

அவர் குனிந்து சக்கரத்துக்கு மேலே பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். பிறகு கேபினைப் பார்த்தார்.

"என்னவாமாங்க?" என்றது கேபினிலிருந்து மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்ல. பட்டை மாத்தோணுமாம். நீ எறங்கி டீ குடி."

குரலில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தம்மா டீக்கடைப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் அம்மிணி, இருவது வருசமா வண்டி ஓட்டறனுங்க. எந்தக் கடையில பட்டை வாங்குனாலும் சுத்தியல்ல ஒரு தட்டு தட்டி, சத்தம் கேட்டுத்தான் வாங்குவேன். உங்க கடையில மட்டுந்தான் தட்டல. சீல் இருக்குதேன்னு."

தட்டிப் பார்த்தால் விரிசல் தெரியும், கடினம் தெரியாது. அவர் தட்டியிருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. டெக்னிக்கலாக இது சரியான வாதம். அதைச் சொல்லாமல் ஜாக்கியை எடுக்கப் போனேன்.

மூட்டைகளை இறக்கி, ஜாக்கி கொடுத்து, இரண்டையும் கழற்றி, புதியதைப் போட்டுக் கொடுத்தோம். கிளம்பும்போது அவர் அந்தப் புதுப் பட்டைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரண்டு தடவை. என் முகத்துக்கு நேராக.

நல்லது. தட்டட்டும்.

பட்டறைக்கு வந்து அளந்ததில் ஒன்று 404. இன்னொன்று 509. அதை மேஜைமேல் தனியாக வைத்தேன். கேபினில் இருந்த பலாப்பழம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஒரு சீல் என்ன செய்யும்? இரும்பைப் பலமாக்காது. அடுத்த ஆள் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருக்கச் செய்யும். அவ்வளவுதான் அதன் சக்தி. அதனால் அதைப் போடுகிறவர் மட்டும் பார்க்காமல் இருக்கவே கூடாது. எனக்கு இது பாடமாகத் தெரியும். விஷயமாகத் தெரிந்தது இந்த வாரம்தான். நீங்களும் எங்கேயாவது எதிலாவது கையெழுத்துப் போடுகிறவர்தானே... ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

இதை அனுப்பும் முன் முதலாளியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "போடுங்க மேடம். ஆனா இன்னும் கெடைக்காத அந்த ஒண்ணைப் பத்தி வெவரமா எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன். அதே புதன்கிழமை மாலை நான்கு மணிவாக்கில் ஒரு டிரைவர் ஆட்டோவில் பட்டறைக்கு வந்தார். லாரி பைபாஸில் நிற்கிறது, மெயின் பட்டை போய்விட்டது, ஓமலூர் தாண்டி இன்னும் வடக்கே போக வேண்டும் என்றார். ஒரே ஒரு பட்டை வாங்கினார். அவசரத்தில் யாரும் பெயர் கேட்கவில்லை. லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் எல்லாம் போட்டாகிவிட்டது. இதுவரை பதில் இல்லை.

அந்தப் பட்டையில் மஞ்சள் சீல் இருக்கும், பட்டறையின் பெயரும் இருக்கும். நுனியில் முக்கோணமாக மூன்று புள்ளிகள் குத்தியிருக்கும். உங்கள் வண்டியில், உங்கள் அண்ணன், மச்சான் வண்டியில் அது இருந்தால், லோடு ஏற்றாதீர்கள். எந்த ஊரில் இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, பக்கத்துப் பட்டறையில் கழற்றிவிடுங்கள்.

நிலவரம் இதுதான்:

1. அடுப்புக் கதவு சரிசெய்தாகிவிட்டது.
2. இப்போது ஐந்து அளப்பதில்லை, எல்லாவற்றையும் அளக்கிறேன். முதலாளி "ஆச்சுங்களா?" என்று கேட்பதில்லை.
3. கேமைத் திறக்கவில்லை. காவலரின் மனைவி பாதி வாளோடு இன்னும் என் கடை வாசலில்தான் நிற்கிறார்.
4. கதவோரம் அடுக்கியவை மொத்தம் ஐந்து என்கிறார் அந்தோணி அண்ணன். கிடைத்தவை நான்கு.
5. இருபத்து மூன்று பட்டைகள் வந்துவிட்டன. ஒன்று ரோட்டில் இருக்கிறது.