அழித்த ட்ராக்

கதை விடுகிறான் என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் பாட்டுப் பதிவுக்கூடத்தில் ஒலிப்பதிவாளர். என் தங்கை அங்கே ட்ராக் பாடுகிறவள். பெரிய பாடகர்கள் கேட்டுப் பழக முதலில் ஒருத்தர் பாடிவைப்பார். அவர்கள் பாடி முடித்ததும் அந்தக் குரலை அழித்துவிடுவோம். அவள் பாடியதையெல்லாம் அழித்த புண்ணியவான் நான்தான். "உனக்குத் தங்கச்சியா பொறந்து ஒரு வரியாவது மிஞ்சிச்சா எனக்கு?" என்று கேலி செய்வாள்.

இது நடப்பதற்குப் பத்தொன்பது நாள் முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். கடைசியாகப் பாடிய ஒரு பல்லவி மட்டும் கணினியில் இருந்தது. அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல், நகல் எடுப்பதையும் தள்ளிப்போட்டேன்.

அன்று பாடகி வந்து பல்லவியைப் பாடிவிட்டுப் போனார். சரணம் இன்னும் எழுதி வரவில்லை. 1:42க்கு, பழக்க தோஷத்தில், ட்ராக்கை அழித்தேன். அழித்த பிறகுதான் உறைத்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன், திரும்பக் கிடைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். 2:10க்குக் கணினியை அணைத்துவிட்டு, மைக்கைக் கழற்றுவதற்காக, பாடகர்கள் நின்று பாடும் அறைக்குள் போனேன். கனத்த கதவு பின்னால் 'தப்' என்று மூடிக்கொண்டது.

கைப்பிடியைத் திருப்பினேன். அசையவில்லை.

கத்தினேன். அந்த அறையில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தானே கட்டியிருக்கிறார்கள்.

தொங்கிய ஹெட்போனில்… 'க்ஹும்.'

பாடுவதற்கு முன் அவள் அப்படித்தான் கனைப்பாள்.

அறையின் கண்ணாடித் தடுப்பு வழியே வெளியே பார்த்தேன். கணினி அணைந்தேதான் இருந்தது.

2:14. அவள் பாடினாள்.

பல்லவி இல்லை… சரணம்.

"மூடிய அறையில் மூச்சாய் நின்றேன்…
நீ கேட்கும் வரைக்கும் நான் இருப்பேன்…"

காதில் மாட்டிக்கொண்டேன். பயம்தான். ஆனால் கழற்ற மனசில்லை.

மறுபடி அதே வரி.

மறுபடி…

மூச்சு முட்டியது. கதவைக் குத்தினேன். "விட்டுடும்மா… அண்ணன் தெரியாம பண்ணிட்டேன்…"

பாட்டு நின்றது.

"இன்னொரு டேக், அண்ணா."

கதவு அசைந்தது.

திறந்த கதவுக்கு வெளியே பாட்டெழுதுகிறவர் நின்றிருந்தார். மணி 2:40.

"என்னய்யா, கதவு தொறந்துதானே இருக்கு? உள்ள நின்னு ஏன் அழுவுற?"

கையில் இருந்த தாளை நீட்டினார். சரணம். அதே இரண்டு வரி.

"எப்ப எழுதினீங்க?"

"பஸ்ல வரும்போதுதான். இன்னும் யாருக்கும் காட்டல."

எழுதி முடித்த நேரத்தைத் தாளின் அடியில் குறிப்பது அவர் வழக்கம். பார்த்தேன். 2:31.

"சரி, இதுக்கு ட்ராக் பாட ஆள் இருக்கா?" என்று கேட்டார்.