தாய்மாமன் மடி

விடியற்காலையில் போடியிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப்பில் இடம் பிடிப்பது லேசில்லை. பாண்டித்துரை ஒருநாள் பிடித்துவிட்டான். ஏலத்தோட்டத்துக் கூலிப் பெண்களோடு உட்கார்ந்திருந்தவனை, செய்தி கேட்டு ஓடிவந்த அவன் அம்மா ராமுத்தாய் சட்டையைப் பிடித்து இறக்கினாள்.

"இஞ்சினியருக்குப் படிச்சிட்டுக் காய் எடுக்கப் போறியா? நான் தெருவுல தலைகாட்ட வேணாமா?"

அந்த ஏலக்காயைக் கடையில் உட்கார்ந்து தரம் பிரித்துத்தான் அவனைப் படிக்கவைத்தாள், மகராசி. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை; கிடைத்த வேலைக்கு அவள் விடவில்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். சிலிண்டர் தூக்க, ஆஸ்பத்திரிக்குத் துணை போக, எழவு வீட்டில் பந்தல் போட எல்லாவற்றுக்கும் "பாண்டி சும்மாதான இருக்கான், கூப்பிடு." கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது மட்டும் அவனை யாருக்கும் ஞாபகம் வராது. பக்கத்து வீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவன் அக்கா பொன்னுமணி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அவள் மகள் தன்ஷிகாவைத் தூக்கி வளர்த்தது முக்கால்வாசி இவன்தான். அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும். அந்த இடத்துக்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. பாண்டித்துரை காலையிலேயே புது வேட்டி கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நல்லாருக்காக்கா?"

"மாப்பிள்ள கணக்கா இருக்கடா" என்றேன். கண் கூசுகிற மாதிரி சிரித்தான்.

குரங்கணி போகும் வழியில் கோயில். போய் இறங்கியதுமே ராமுத்தாய் அவனை விரட்டினாள்.

"ஆசாரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாராம். வெரசாக் கூட்டியா அப்பு."

ஆசாரியை பைக்கில் ஏற்றிக்கொண்டு அவன் திரும்பியபோது, ஜமுக்காளத்தில் கழுத்தில் மாலையும் தலையில் உருமாலுமாக உட்கார்ந்திருந்தது தங்கபாண்டியன், பெரியப்பா மகன். "தாய்மாமன் தங்கபாண்டியன், பேங்க் ஆபீசர், கோயம்புத்தூர்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுமணி தம்பியை ஓரமாக இழுத்தாள்.

"கோவிச்சுக்காதடா. மாமன் என்ன சோலி பாக்குறாருன்னு எங்க மாமியா வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அண்ணனும் மாமன்தான?"

அவன் ஆசாரியின் பையை எடுத்து ஜமுக்காளத்தில் வைக்கப் போனான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ராமுத்தாயிடம் கேட்டே விட்டேன்.

"வேல கெடைக்கட்டும், அடுத்த பிள்ளைக்கு அவந்தான உக்காரப் போறான்" என்றாள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் தன்ஷிகா அலறினாள். ஆண்டுக்கொருமுறை வருகிற மாமன் மடியில் எந்தப் பிள்ளை இருக்கும்? உதைத்த உதையில் உருமால் அவிழ்ந்து விழுந்தது.

"தம்பி, நீ வந்து பிடிடா. உனக்குத்தான் அடங்குவா" என்று பொன்னுமணி கூப்பிட்டாள்.

போனான். தங்கபாண்டியனுக்குப் பின்னால் மண்டி போட்டு, தோளுக்கு மேல் எட்டி, பிள்ளையின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னான். அவள் அழுகையை நிறுத்தினாள். ஆசாரி குத்தப் போகும்போது போட்டோக்காரர் கையைக் காட்டினார்.

"அண்ணே, நல்லாக் குனிஞ்சுக்கங்க. தாய்மாமன மறைக்குது."

குனிந்துகொண்டான்.

போன வாரம் ஆல்பம் வந்தது. கடையிலிருந்து வாங்கி வந்ததும் பாண்டித்துரைதான். பொன்னுமணியின் மடியில் இருந்து பார்த்த தன்ஷிகா, தன் கன்னத்தைப் பிடித்திருந்த இரண்டு கைகளின் மேல் விரலை வைத்து "மாமா" என்றாள்.

பொன்னுமணி அந்த விரலை எடுத்துத் தங்கபாண்டியன் முகத்தில் வைத்தாள்.

"மாமா இந்தா இருக்காரு பாரு."