பாயின் வலது கைக்கு நான் கட்டிய சாரம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. இரண்டு பேருக்குமே அதில் வருத்தமில்லை. அதற்குப் பிறகு நான் கட்டியதைக் கேளுங்கள். மாதாகோயில் மணிக்கூண்டுக்கு இரண்டு முறை. பள்ளிவாசல் மினாராவுக்கு ஒரு முறை. கோபுரங்களுக்கு ஐந்தோ ஆறோ. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன, யானை நின்றபடியே தூங்கலாம் என்கிற உயரத்து வீடுகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாம் சவுக்குக் கம்பும் கயிறும்தான். வரைபடம் கிடையாது. இன்ஜினியர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் தொப்பியைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று மதத்துச் சாமிகளையும் தலைக்கு மேலே நின்று பார்த்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். மூவருமே என்னைத் தள்ளிவிடவில்லை. அதுபோக, முத்தியால்பேட்டையில் மூன்று மாடியில் சொந்த வீடு.

வீட்டைத் தவிர மற்ற எதையும் உங்களுக்குக் காட்ட முடியாது. நான் கட்டியது சாரம். வேலை முடிந்ததும் அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கல்வெட்டில் தலைவர் பெயர் இருக்கும், அவர் மைத்துனர் பெயர் இருக்கும், மின்விசிறி கொடுத்தவர் பெயர்கூட இருக்கும். அந்தக் கல்லைப் பதிக்க மேலே ஏறியவன் எதன்மேல் நின்றான் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஐம்பது வருஷம் பொறுத்தேன். பாயின் கை விஷயத்தில் மட்டும் பொறுப்பதாக இல்லை.

கைக்கு முன்னால் ஒரு காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இளந்தாரி மேஸ்திரியாக இருந்தபோது என் ஆள் ஒருவன் இரண்டாவது தட்டிலிருந்து குதித்தான். கணுக்கால் வீங்கியது. சுளுக்கு என்றேன். நான் சொன்னால் அது சுளுக்குதான். காலைப் பிடித்து ஒரு இழு இழுத்து, எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, நடடா என்றேன். அவனும் மேஸ்திரி சொல்லைத் தட்டாத ஆள், நடந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால் எலும்பு முறிந்திருக்கிறது. முறிந்ததை நான் இழுத்தும் தேய்த்தும் இடம் மாற்றியிருக்கிறேன். அங்கே ஒரு டாக்டரம்மா என்னைக் கேட்டார்:

“உன் சாரத்துல ஒரு கம்பு சாஞ்சி நிக்குது. ஆளுங்க மேல இருக்காங்க. என்னா செய்வ?”

“முட்டு குடுப்பேம்மா.”

“இழுத்து நிமுத்த மாட்டியா?”

“யாருனா இழுப்பாங்களா? மொத்தமும் சரிஞ்சி உழுந்துடும்.”

“அப்ப அந்தாளு காலை மட்டும் எதுக்குய்யா இழுத்த?”

சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கட்டும், அசையாமல் முட்டுக் கொடு, நிமிர்த்துகிறவன் வந்து நிமிர்த்தட்டும். அன்றைக்குப் படித்துக்கொண்டேன். அந்த ஆள் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் நொண்டுவதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறான்.

இனி பாய். முத்தியால்பேட்டையில் என் தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவர். தைப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், வெட்டுவது அவர் மட்டும்தான். அந்த வலது கை கத்தரிக்கோலைப் பிடித்தால் துணி தானாக வழிவிடும். அந்தக் கை இல்லாவிட்டால் கடை இல்லை, அவ்வளவுதான். நானும் அவரும் ஞாயிறு சாயங்காலம் உப்பளத்து மைதானத்தில் பெத்தாங்க் ஆடுவோம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சின்ன மரக்குண்டை வீசிவிட்டு, அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். பிரெஞ்சுக்காரன் போனான், ஆட்டம் போகவில்லை. ஒரே ஒரு சட்டம்தான் எங்களுக்கு வேதம். அளந்து முடிக்கிறவரை கிடக்கிற குண்டை எவனும் தொடக் கூடாது. தொட்டவன் அப்பனாக இருந்தாலும் சண்டைதான். அளப்பதற்குப் பாயின் மரஸ்கேல். பழைய மீட்டர் ஸ்கேலை அறுத்து ஒன்றரை அடியாக்கியது, ஒரு முனையில் பித்தளைப் பட்டை. தையல்காரன் ஸ்கேல் பொய் சொல்லாது என்பது எங்கள் நம்பிக்கை.

போன வருஷம் ஒரு ஞாயிறு. பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. இரண்டு பக்கமும் பன்னிரண்டு. எங்கள் பக்கம் நானும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும், ஊரார் சொல்தா என்று கூப்பிடும் பழைய சிப்பாயும். எதிர்ப்பக்கம் பாயும் அவருடைய கூட்டாளியும். பாய் கடைசிக் குண்டைப் போட்டார். அது உருண்டு போய், சொல்தாவின் குண்டு இருந்த அதே தூரத்தில் மரக்குண்டுக்கு அந்தப் பக்கமாக நின்றது. அழகை ரசிக்கப் பாய் இரண்டடி பின்னால் வைத்தார். அங்கே ஒரு இரும்புக் குண்டு கிடந்தது.

வலது கையை ஊன்றி விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது மணிக்கட்டுக்கு மேலே கை கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் முதலில் அவர் சொன்னது இது:

“எவனும் தொடாதீங்கடா. அளங்க. புள்ளி என்னுது.”

சொல்தா மண்டிபோட்டுவிட்டார். “அலே, அலே, நகருங்க! மூட்டு நழுவியிருக்கு. பட்டாளத்துல எத்தினி பாத்திருக்கேன். ஒரே இழு, டக்குனு உக்காந்துடும்.” பாயின் கூட்டாளி தேங்காயெண்ணெய் தேடி ஓடினான். ஒருவன் சோடா வாங்கி வந்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் தெரிந்திருந்தது.

எனக்கு அந்தக் கணுக்கால் ஞாபகம் வந்தது. சொல்தாவைப் பார்த்துக் கத்தினேன்:

“கையை உடு முசியே! அதுவும் கெடக்கிற குண்டு மாதிரிதான். அளக்கிறவன் வர்றதுக்கு முன்னால எவனும் தொடக் கூடாது!”

அத்தனை பேரும் சிலையானார்கள். நழுவியதா முறிந்ததா, டாக்டர் படம் எடுத்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு மணிநேரம் பேசியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பெத்தாங்க் சட்டம் என்றதும் சொல்தாகூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சோடாவையும் தடுத்தேன். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் வயிறு காலியாக இருக்கவேண்டும்.

பாயின் விரலில் வெள்ளி மோதிரம். வீங்கிவிட்டால் அறுக்கத்தான் வேண்டும் என்று கழற்றச் சொன்னேன்.

“நிக்காஹ் மோதிரம்யா. முப்பது வருஷமா கழட்டல.”

“அந்தம்மாவும் முப்பது வருஷமா உன்ன கழட்டாம வச்சிருக்காங்க. இன்னிக்கி ஒரு நாள் மோதிரத்துக்கு லீவு குடு.”

வலியிலும் சிரித்துவிட்டார். ஆட்டம் முடிந்து கைகழுவக் கொண்டுவந்திருந்த சோப்பைச் சொல்தா நுரைத்துக் கொடுத்தார், கையை அசைக்காமல் மோதிரத்தை மட்டும் உருவினேன். மைதான வாசலில் குருசுக்குப்பத்து அம்மா ஒருவர் மீன் விற்றுக்கொண்டிருந்தார். அவர் பெட்டியிலிருந்து ஒரு பிடி ஐஸை வாங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, துணி சுற்றி வீக்கத்தின்மேல் மெதுவாக வைத்தேன்.

“என்னா மேஸ்திரி, கை வவ்வாமீன் நாத்தம் அடிக்குது?”

“கை இருந்தாதான்யா நாறும்.”

இனி முட்டு. சுற்றிப் பார்த்தேன், நேரான கட்டை என்றால் பாயின் ஸ்கேல் மட்டும்தான். எடுத்தேன்.

“யோவ்! அளக்காம எடுக்காதய்யா! தோத்துடுவோம்னுதான அதை எடுக்கிற?”

அல்லாமீது ஆணையாக இல்லை என்று நான் சொன்னால், அது உன் சாமி இல்லையே என்பார். கட்டத் தொடங்கினேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஸ்கேல் அச்சாகப் பொருந்தியது. வளைந்த இடத்தில் கட்டை படாமல், ஆப்பு செருகுவது போல என் தோள்துண்டில் பாதியைக் கிழித்து மடித்து வைத்தேன். துண்டின் மீதியைக் கிழித்து, முறிந்த இடத்தை விட்டுவிட்டு மேலும் கீழும் கட்டினேன். தூளி கட்ட வேறு துணி இல்லை. வேட்டியை அவிழ்த்து, முழங்கையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டேன். டவுசரோடு நின்றேன். மணிக்கூண்டு உச்சியில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு கூச்சமா?

ஆட்டோவில் ஏறினோம். மேட்டுப்பள்ளத்தில் பாய் ஒரு முனகல்கூட விடவில்லை. என் கட்டு அப்படி. பாதி வழியில் சொன்னார்:

“வெரலு எங்க இருக்குன்னே தெரியல மேஸ்திரி.”

விரல் நகங்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. அழுத்தினேன். வெளுத்தது, திரும்பச் சிவக்கவே இல்லை. இந்தக் கை போனால் இழுக்க வந்த சொல்தா பேர் அடிபடாது, கட்டிய என் பேர்தான் அடிபடும். அதைவிட, கத்தரிக்கோல் இல்லாத பாயை எனக்குப் பார்க்கத் தெரியாது.

எது தப்பு? நான் போட்டது சாரக் கட்டு. பாரம் ஏற ஏறத் தானே இறுகும். அதுதான் அதன் பெருமை. மினாராவில் பாரம் என்றால் ஆள். கையில் பாரம் என்றால் வீக்கம். கை வீங்க வீங்க என் முடிச்சு விசுவாசமாக இறுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

“லூசு வச்சியாய்யா?” என்று கேட்டார் பாய். “சட்டைக்கு கஃப் தைக்கிறப்பகூட உள்ள வெரலு போற மாதிரி லூசு வைப்போம். இல்லன்னா கஸ்டமர் மூஞ்சியிலயே அடிப்பான்.”

ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கையையும் ஸ்கேலையும் தொடை மேல் சேர்த்துத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்தினேன். உள்ளே ஒரு விரல் போகிற அளவு விட்டு, டவுசர் நாடா மாதிரி உருவினால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டேன். நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரனும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக, மெதுவாக ஊதா போய்ச் சிவப்பு வந்தது.

“குத்துது,” என்றார் பாய். “ஊசி ஊசியா குத்துது.”

“ஊசி உனக்குப் புதுசா? குத்தட்டும்,” என்றேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பத்துத் தரமாவது நகத்தை அழுத்திப் பார்த்திருப்பேன்.

கட்டோடு சேர்த்தே படம் எடுத்தார்கள். எலும்பு முறிவுதான், நழுவல் இல்லை. இழுத்திருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து கிழிந்திருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு கட்டைப் பார்த்தார், என் டவுசரைப் பார்த்தார்.

“இதை யார் கட்டினது? ரொம்ப சரியா கட்டியிருக்கு. இதனாலதான் கை பொழச்சிருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார்: “என் ஸ்கேலு டாக்டர். அளவும் நான்தான் சொன்னேன்.”

நான் போட்ட கட்டை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்கள். வழக்கம்போல. எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டு, பிறகு பந்தைப் பிசைய வைத்து, மூன்று மாதத்தில் பாய் மறுபடி துணி வெட்டினார். முதலில் வெட்டியது எனக்கு ஒரு வேட்டி என்றால் மனம் ஆறியிருக்கும். சொல்தாவுக்கு ஒரு சட்டை வெட்டினார். கேட்டால், சோப்பு கொடுத்தாராம்.

இப்போது அந்த முதல் எக்ஸ்ரே படத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் கதை சொல்கிறார். கதையில் டாக்டர் வருகிறார், அவருடைய பொறுமை வருகிறது, அந்தப் புள்ளி அவருடையது என்பது இரண்டு முறை வருகிறது. நான் கையை நீலமாக்கிய ஆளாக மட்டும் வருகிறேன். நீலமாக்கியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். லூசு சொன்னது அவர்தான், அதையும் தருகிறேன். அந்தப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் வேண்டுமானால் புள்ளியையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தப் படத்தில் விரல் நுனிக்குக் கீழே, பளிச்சென்று வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறது. எது என்று கேட்கிறவர்களிடம், மெஷின்ல ஏதோ கோளாறு என்கிறார். மெஷினில் கோளாறு இல்லை பாய். அது ஸ்கேலின் பித்தளை. நான் கட்டியதில் அவிழ்த்த பிறகும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே சாரம் அதுதான். அதன் பக்கத்தில் ‘கட்டியவர்: சாரம் மேஸ்திரி’ என்று எழுதியாக வேண்டும். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் எழுதி ஏமாற்றக் கூடாது, அது அழிந்துபோகும். பெயிண்டால், அந்த வலது கையாலேயே எழுத வேண்டும்.