கச்சான் காற்றில் கட்டிய நூல்

அறுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம், திருகோணமலை அன்புவழிபுரத்தில் தொடங்கிய கதை இது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டு வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டுச் சின்னதாகக் கராஜ் நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கடற்படைத் தளத்தில் பிட்டர் வேலை பழகியவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. கோபமும் அதற்குக் குறைவில்லை. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கமாட்டேன். சாப்பிடும்போதுகூட எழும்பிப் போய் ஏதாவது நட்டை முறுக்கிவிட்டு வருவேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டிக் கரை சேர்க்கும் பைலட் ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். ஊரைவிட்டுப் போன ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வைத்திருந்தார். கடும்பச்சை நிறம், இரண்டே ஆசனம், மேலே கூரை கிடையாது. அந்த வருடம் மலைநாட்டில் நடக்கவிருந்த கார்ப் போட்டியில் அதை ஓட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் வளைவு வந்தால் கார் ஒரு பக்கம் சாயும், பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகும். "நானூறு அடிக் கப்பலைத் திருப்புறன் தம்பி, இந்தச் சின்னச் சனியன் எனக்குத் திரும்புதில்லை" என்று கொண்டுவந்து விட்டார். போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

நான் விடுவேனா! இரவு பகலாக அதே நினைப்பு. வெளிநாட்டிலிருந்து சாமான் எடுப்பிக்கிற காலமில்லை அது. பழைய இரும்புக் கடைகளில் தேடி, முன்னுக்குப் போட இறுக்கமான ஸ்பிரிங் இரண்டு பிடித்தேன். பின்னுக்கு இருந்த பட்டை ஸ்பிரிங்கில் கொல்லரைக் கொண்டு இன்னொரு பட்டை சேர்த்தேன். குலுக்கலை அடக்கும் சொக் அப்சோபருக்குள் தடித்த எண்ணெய் மாற்றினேன். வளைவில் உடல் சாயாமல் இரண்டு முன் சில்லுகளையும் சேர்த்துப் பிடிக்க, குறுக்கே ஒரு தடித்த இரும்புத் தண்டு பூட்டினேன். கார் இரண்டு அங்குலம் பதிந்து, பாய்வதற்குப் பதுங்கிய பூனையைப் போல நின்றது. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மிஞ்சியிருந்தது சில்லுகளை நேர்ப்படுத்தும் வேலை. முன் சில்லு இரண்டும் முன்பக்கத்தில் ஒரு நெல்மணி அளவுக்கு உள்ளே பார்க்கவேண்டும். அப்போதுதான் கார் நேராகவும் ஓடும், வளைவில் அடக்கமாகவும் திரும்பும். வெளியே பார்த்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது, வேகத்தில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இதை அளக்க என்னிடம் மெஷின் ஒன்றும் இல்லை. காரின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை நூல் கட்டி, அந்த நூலிலிருந்து சில்லு எவ்வளவு தூரம் என்று அடிக்கோலால் அளப்பதுதான் வழி. சல்லிக் கடற்கரையில் மீன்பிடிகாரர் ஒருவரிடம் வாங்கிய தங்கூசி நூல் என்னிடம் இருந்தது. கண்ணாடி மாதிரி மெல்லியது, அறுந்தும் போகாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், காரைத் திறந்த வளவில் நிறுத்தி அந்த வேலையில் இறங்கினேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடித்த அடி! வளவு முழுக்கப் புழுதி. கண்ணைத் திறக்க ஏலாது. அடுத்த நாள் காலை பைலட் புறப்படுகிறார், காற்று அடங்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை எங்கே? கண்ணைச் சுருக்கிக்கொண்டு அளந்தேன், முறுக்கினேன், திரும்ப அளந்தேன்.

பக்கத்து வளவில் மதில் கட்டிக்கொண்டிருந்தார் ஒரு மேசன். கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் துறை கடந்து வருகிற முஸ்லிம் மனிதர், நானா என்றுதான் கூப்பிடுவோம், என் வயதுதான் இருக்கும். காற்று ஏறினால் கல் வைப்பதை நிறுத்திவிட்டுக் கல்லை நனைத்துக்கொண்டிருப்பார். வேலைக்குக் கள்ளமடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் அரைகுறை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் காத்துக்குள்ள நூலை நம்பலாமா? நடுவுல ஒரு முட்டுக் குடுங்களன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "நானா, நீர் உம்மட சாந்தைக் குழையும். நான் வெள்ளைக்காரனிட்ட வேலை பழகினவன்" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். வீட்டு வாசலில் நின்று என் மனைவி, "அந்த மனுசன் உங்களை என்ன செய்தது?" என்று கேட்டாள். அவளிடமும் பாய்ந்தேன்.

வேலை முடித்துத் துறைமுக வீதிவரை ஓட்டிப் பார்த்தேன். வளைவில் கார் சாயவே இல்லை. இலேசாகக் கையில் ஒரு துள்ளல் மட்டும் தெரிந்தது, ஸ்டியரிங் இங்கும் அங்கும் ஓடப் பார்த்தது. காற்றுத் தள்ளுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகப் பெரிய வெட்கம் என்னவென்றால், காரைக் காற்றுத் தள்ளும் என்று தெரிந்த எனக்கு நூலைத் தள்ளும் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பைலட் வந்து ஹோர்ன் அடித்து விடைபெற்றார். பக்கத்தில் அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், நாங்கள் எல்லோரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். காற்றுக்குத் தலையில் சால்வையை இறுக்கிக் கட்டியிருந்தார். வழியில் ஒரு கோயிலிலும் நின்று, கந்தளாயில் தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மலைநாட்டுக்கு ஏறுவதாகத் திட்டம். கையைக் காட்டிவிட்டுப் பறந்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று கிழமையாக இருந்த வேலை திடீரென்று இல்லை. காற்று வேறு எழும்பத் தொடங்கிவிட்டது. சும்மா நிற்க ஏலாமல் மதிலடிக்குப் போனேன். அன்றைக்கு மேசன் காற்றிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார். நீளத்துக்கு நூல் கட்டியிருந்தார், நடுவில் ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன்மேல் நூலைப் படியவைத்து இன்னொரு கல்லால் அமத்தியிருந்தார். கிண்டல் பண்ணத்தான் போனேன். "என்ன நானா, நூல் களைச்சுப்போச்சோ, கதிரை போட்டு இருத்தியிருக்கிறீர்?"

அவர் சிரித்தார். நடுக்கல்லை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், நூல் சுவருக்குள் வளைந்துகொண்டு போனது. முன்பு நூல் நின்ற இடத்துக்கும் இப்போது நிற்கும் இடத்துக்கும் இடையில் தன் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நூல் எம்மாத்திரம்! அவருடையது வெள்ளைப் பருத்தி நூல், வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். என்னுடையது தங்கூசி, வளைந்ததே தெரியாது.

முந்தின நாள் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று யோசித்தேன். இடப்பக்கம். அந்தப் பக்கத்து நூல் காரை நோக்கி வளைந்திருக்கும். மற்றப் பக்கத்து நூலைக் காரே மறைத்திருக்கும், அது நேராகத்தான் நின்றிருக்கும். அப்படியென்றால் இடது சில்லு அளவுக்கு மிஞ்சி உள்ளே பார்க்கிறது என்று நூல் பொய் சொல்லியிருக்கிறது. அதை நம்பி நான் வெளியே திருப்பிவிட்டேன்! இறுக்கமான ஸ்பிரிங், வெளியே பார்க்கிற சில்லு, பக்கத்தில் ரீச்சர், பிறகு மலைப்பாதை. ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மேசனிடம் விசயத்தைச் சொன்னேன். நேற்றுச் சொன்னேனே என்று அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதிலுக்குச் செங்கல் இறக்கிவிட்டு வெறுமையாகக் கந்தளாய் திரும்ப ஒரு லொறி நின்றது. ஓடிப்போய்ச் சாரதியோடு சிங்களத்தில் கதைத்தார். "ஏறுங்கண்ணே, நானும் வாறன். நூல் பிடிக்க ஒராள் வேணுமே" என்றார். அவர் குழைத்து வைத்த சாந்து வெயிலில் கிடந்தது. அது இறுகிப் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? தன் நூலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியும் பார்க்காமல் ஏறினார்.

அந்த லொறி போன போக்கு! சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான் போல இருந்தது. தம்பலகாமச் சந்தி கடக்கும்வரை நான் இருக்கையில் இருக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பள்ளத்துக்குள் பார்த்தேன். பச்சையாக எது தெரிந்தாலும் நெஞ்சு திக்கென்றது, காடெல்லாம் பச்சைதானே. இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ என்று சாரதியைப் போட்டு அரித்தேன். மேசன் என் முழங்காலில் கையை வைத்து அமத்திக்கொண்டு வந்தார். கந்தளாய் வீட்டைவிட்டு அவர்கள் கிளம்ப முன்னம் பிடித்துவிடவேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

கந்தளாய்க்குக் கிட்ட ஒரு வளைவில் வீதியில் இரண்டு கறுப்புக் கோடு இழுபட்டிருந்தது. அடுத்த கணம் காரையும் கண்டேன். சுழன்று, வந்த பக்கத்தையே பார்த்தபடி புல்லுக்குள் நின்றது. அதற்கு இரண்டு முழம் தள்ளி ஒரு பெரிய மருத மரம். பைலட் சில்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் ஒரு கல்லில் குந்தியிருந்து முழங்கையில் உரசிய இடத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. வேறு காயம் இல்லை.

நான் குதித்து ஓடினேன். நான் வாயைத் திறக்க முன்னம் பைலட் சிரித்துக்கொண்டு, "தம்பி, எங்க இஞ்சால? உம்மட வேலை திறம். நான்தான் வேகம் கூடக் குடுத்திட்டன். பிழை என்ர" என்றார்.

இப்போது சொல்லவும் கூசுகிறது. பிழை என்னுடையது என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் அந்தரப்பட்டு ஓடிவந்தேன். என் வாயிலிருந்து வந்ததோ வேறு. "ஓம் ஐயா, கொஞ்சம் மெல்லமாய்ப் போயிருக்கலாம்" என்றேன். அதுவும் புத்திமதி சொல்கிற தொனியில்! அவர்கள் உயிரோடு நின்றதைக் கண்ட நிம்மதியில் என் தலைக்கனம் திரும்பி வந்துவிட்டது. மேசன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பைலட்டும் லொறிச் சாரதியும் சேர்ந்து காரைத் தள்ளி வீதியில் ஏற்றினார்கள். நானும் தள்ளினேன். ரீச்சருக்கு ஏற மனமில்லை. "காரில பிழையில்லை, பாரும், வேலை செய்தவரே சொல்றார்" என்று கணவர் தேற்ற, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி இருந்தார். சால்வையைத் திரும்பக் கட்டினார். ஒரு கையால் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். பைலட் இஞ்சினை முடுக்கினார்.

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. ஓடிப்போய் காருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் பொனட்டில் ஊன்றினேன். "போகாதேங்கோ ஐயா. பிழை என்ர. சில்லு வெளிய பாக்குது. இந்த நானா நேற்றே சொன்னவர், நான் அவரை ஏசிக் கலைச்சனான்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். கண்ணீரும் வந்துவிட்டது.

இஞ்சின் நின்றது. பைலட் மேசனைப் பார்த்து, கார் வேலை தெரியாமல் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "சுவர் கோணினா ஊரே சிரிக்கும் ஐயா. அந்தப் பயத்துல நூலைப் பாத்துப் பாத்துப் பழகின கண்" என்றார் அவர்.

ரீச்சர் இறங்கினார். எனக்கு நேரே வந்து நின்றார். "நான் திரும்ப ஏறி இருக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனீரோ?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

குளக்கட்டுக்குக் கீழே காற்றுப் படாத ஒரு மட்டமான இடம் இருந்தது. காரை அங்கே கொண்டுபோய், மேசன் தன் வெள்ளை நூலைக் கட்டி, நடுவில் கல்லும் வைத்தார். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அளந்தேன். நூல் சொன்ன பொய் ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. திருத்திய பிறகு அதே வளைவில் பைலட்டோடு நானும் இருந்து நாலு தரம் ஓடினோம். கார் தண்டவாளத்தில் போவதுபோலத் திரும்பியது. அவர் என் தோளில் தட்டிவிட்டுத் தனியாக மலைக்குப் போனார். போட்டியில் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, முழுசாகத் திரும்பி வந்தார், எனக்கு அது போதும்.

ரீச்சர் அந்தக் காரில் ஏறவில்லை. கந்தளாய்ச் சந்தியில் பஸ் பிடித்தோம். ஊர் வந்து சேரும்வரை என்னோடு ஒரு கதையும் இல்லை. மேசனோடு மட்டும் அவருடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் விடிய, காற்று எழும்ப முன்னம், நான் பக்கத்து வளவுக்குப் போய் இறுகிக் கிடந்த சாந்தைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகக் குழைத்துக் கொடுத்தேன். "தண்ணி கூடிப்போச்சுதண்ணே" என்று சிரித்தார் மேசன். நான் கோபிக்கவில்லை. என் மனைவிக்கு அதுதான் பெரிய அதிசயம்.

நூல் வளைந்தது அறியாமல் விட்ட பிழை, அதற்காக என்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த "ஓம் ஐயா" அறிந்து சொன்னது. ரீச்சர் பிறகு எத்தனையோ தரம் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார், அன்றைய கதையை ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனாலும் உங்களில் பிழையில்லை என்று யாராவது என்னிடம் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நிம்மதி வருவதில்லை, என்னை நம்பி அவர்கள் எதில் திரும்ப ஏறப்போகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.